நீதிபதி நாற்காலியிலிருந்து இறங்கியவர்: ஃபிரிட்ஸ் பாவர் பற்றிய விவாத இழை

வாசகர் கேள்வி, 2 பிப்ரவரி

ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் பாவர் என்று ஒருவர் இருந்திருக்கிறார். உள்ளூர் கோர்ட் நீதிபதி, யூதர். பிற்பாடு மத்திய அரசு வழக்கறிஞராகி, லட்சக்கணக்கான யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பிய நாஜி அதிகாரி ஐக்மனைப் பிடிக்க வழி செய்தவர் என்று படித்தேன். ஒன்று மட்டும் புரியவில்லை. நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவர் எதற்காக இறங்கிப் போய் பிராசிக்யூட்டராக நிற்க வேண்டும்? நம் ஊரில் இதைப் பதவி இறக்கம் என்றுதான் சொல்வார்கள்.

2 பிப்ரவரி, இரவு

மத்திய அரசு வழக்கறிஞர் இல்லை. அந்த அலுவலகம் கார்ல்ஸ்ரூவே நகரில் இருக்கிறது, பாவர் அங்கே ஒரு நாளும் பதவியில் இருந்ததில்லை. ஜெர்மனி கூட்டாட்சி நாடு. மாநில உயர் நீதிமன்றத்துக்கு என்று தனியாகத் தலைமை அரசு வழக்கறிஞர் உண்டு. பாவர் 1950 முதல் பிரௌன்ஷ்வைக்கிலும், 1956 முதல் 1968இல் இறக்கும்வரை பிராங்பர்ட்டிலும் அந்தப் பதவியில் இருந்தார்.

அந்த நாளில் கார்ல்ஸ்ரூவேயில் யார் உட்கார்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1962 மார்ச்சில் வோல்ஃப்காங் ஃப்ரெங்கல் என்பவரை மத்திய தலைமை அரசு வழக்கறிஞராக நியமித்தார்கள். போர்க்காலத்தில் இவர் லைப்சிக்கில் ஹிட்லர் அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சின்னக் குற்றங்களுக்குக்கூட மரண தண்டனை வேண்டும் என்று எழுதிய ஃபைல்களைக் கிழக்கு ஜெர்மனி வெளியிட்டது. ஜூலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாவரைச் சுற்றியிருந்த நீதித்துறை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு நியமனமே போதும்.

பதவி இறக்கமா என்ற கேள்விக்கு நாளை வருகிறேன். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை.

3 பிப்ரவரி

ஜெர்மனியில் நீதிபதிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் படிப்பு ஒன்றுதான். இரண்டு அரசுத் தேர்வு, நடுவில் பயிற்சிக் காலம். அதை முடித்தவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறுவது சகஜம். அதனால் அங்கே யாரும் இதை இறக்கமாகப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒரு இழப்பு உண்டு. நீதிபதிக்கு யாரும் உத்தரவு போட முடியாது. அரசு வழக்கறிஞர் சட்ட அமைச்சருக்குக் கீழே வருகிறார், அமைச்சர் உத்தரவு போடலாம். பாவர் அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்துதான் இந்த வேலையை எடுத்தார். ஏன் எடுத்தார்?

நான் புரிந்துகொண்ட வரையில் விஷயம் இதுதான்: நீதிபதி தன் முன்னால் வரும் வழக்கைத்தான் விசாரிக்க முடியும். ஐம்பதுகளின் மேற்கு ஜெர்மனியில் நாஜிக் கொலைகள் பற்றிய வழக்குகள் பெரும்பாலும் வரவே இல்லை. கொலை செய்தவர்கள் கடை வைத்திருந்தார்கள், வங்கியில் வேலை பார்த்தார்கள், பென்ஷன் வாங்கினார்கள். எவ்வளவு நேர்மையான நீதிபதியாக இருந்தாலும் காலியான கோர்ட்டில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்? யாராவது ஒருவர் ஃபைலைத் திறந்து, சாட்சியைத் தேடி, குற்றப்பத்திரிகை எழுத வேண்டும். அந்த ஒருவராக இருக்கத்தான் பாவர் இறங்கினார்.

எனக்கு இது புத்தக அறிவு மட்டும் இல்லை. சட்டம் படித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். சின்ன ஊர், மாஜிஸ்திரேட் கோர்ட். லாரிப் பட்டறையில் வேலை செய்த பதினாறு வயசுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அவன் அம்மா வாராவாரம் கோர்ட் வாசலுக்கு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். எஃப்ஐஆரே போடவில்லை. உள்ளே இருந்த மாஜிஸ்திரேட் நல்ல மனிதர், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பையன் பெயரில் உள்ளே ஒரு தாள் கூட இல்லை.

3 பிப்ரவரி, சிறிது நேரம் கழித்து

ஒரு வக்கீல் நண்பர் திருத்துகிறார்: மாஜிஸ்திரேட்டிடம் நேராகத் தனிப்புகார் கொடுக்கலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 156(3)இன் கீழ் விசாரிக்கச் சொல்லி அவர் போலீசுக்கு உத்தரவிடலாம். உண்மைதான். நான் எழுதியதில் அது விட்டுப்போயிற்று. அப்போது என் சீனியரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருபது வருடம் ஆகிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஒரு மனு எழுதிக்கொடுத்திருக்க என்னால் முடியும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வலிக்கிறது.

5 பிப்ரவரி

அவருடைய ஆரம்ப காலம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

1903 ஜூலை 16, ஷ்டுட்கார்ட். அப்பா துணி வியாபாரி. ஹிட்லரைக் கொல்லக் குண்டு வைத்த ஷ்டௌஃபன்பெர்க் படித்த அதே உயர்நிலைப் பள்ளியில்தான் பாவரும் படித்தார். அப்புறம் ஹைடல்பெர்க், மியூனிக், டூபிங்கன் என்று சட்டப் படிப்பு. 1930இல் ஷ்டுட்கார்ட் உள்ளூர் நீதிமன்றத்தில் நீதிபதி. நம் ஊர் மாஜிஸ்திரேட், முன்சீப் இரண்டையும் சேர்த்து வைத்தது மாதிரி ஒரு கோர்ட், பெரும்பாலும் ஒற்றை நீதிபதி. நாட்டிலேயே மிக இளைய உள்ளூர் நீதிபதி என்று அவரைச் சொல்வதுண்டு.

அதே சமயம் சோஷியல் டெமாக்ரட் கட்சிக்காரர். குடியரசைக் காக்க அமைத்த ரைஷ்பானர் இயக்கத்துக்கு ஷ்டுட்கார்ட்டில் தலைமை தாங்கினார். நாஜிப் பத்திரிகை ஒன்று, யூத நீதிபதி பதவியைக் கட்சிக்குப் பயன்படுத்துகிறார் என்று எழுதியது. பாவர் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். ஆனாலும் அவரைக் குற்ற வழக்குகளிலிருந்து சிவில் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

1933 மார்ச்சில் கைது. ஹாய்பெர்க் என்ற நாஜிச் சிறை முகாம். நவம்பரில் விட்டார்கள், அதற்குள் வேலை போய்விட்டது. 1936இல் டென்மார்க்குக்குத் தப்பினார். ஜெர்மன் படை அங்கேயும் வந்துசேர்ந்தது. 1943 அக்டோபரில் டென்மார்க் யூதர்கள் ஆயிரக்கணக்கில் படகேறி ஸ்வீடனுக்குப் போனபோது அவரும் போனார். அங்கே வில்லி பிராண்டுடன் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினார். பிராண்ட் பிற்பாடு சான்சலர் ஆனவர்.

1949இல் திரும்பி வந்தார். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். உறவினர் பலருக்கும் போய்ச் சேர வேறு நாடுகள் இருந்தன, அவருக்கும் இருந்தது. தன்னைச் சிறையில் போட்ட நாட்டுக்குத் திரும்பி, தன்னைச் சிறையில் போட்டவர்களோடு ஒரே வராந்தாவில் நடந்து வேலை செய்ய எவ்வளவு மன உறுதி வேண்டும்.

6 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு இடைவெளி இருக்கிறது. 1933க்குப் பிறகு அவர் நீதிபதி நாற்காலிக்கே போகவில்லை என்பது போலத் தொனிக்கிறது. அது சரியில்லை. 1949இல் திரும்பியவுடன் பிரௌன்ஷ்வைக் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதியாகத்தான் சேர்ந்தார், அமர்வுத் தலைவர் பதவி. ஒரே வருடம். 1950இல் அரசு வழக்கறிஞர் பக்கம் போனார். ஆக அவர் நீதிபதி நாற்காலியைவிட்டு எழுந்தது இரண்டு முறை. முதல் முறை எழுப்பிவிட்டார்கள், இரண்டாம் முறை தானாக எழுந்தார். கேள்வி கேட்டவருக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

6 பிப்ரவரி, இரவு

ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "அவரே 1933இல் ஹிட்லருக்கு விசுவாசக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவர்தானே?"

1933 நவம்பரில் ஊல்ம் நகரப் பத்திரிகையில் ஒரு அறிக்கை வந்தது. சிறையிலிருந்த சோஷியல் டெமாக்ரட்டுகள் சிலர் புதிய அரசை ஏற்பதாக. அதில் அச்சான பெயர் "ஃபிரிட்ஸ் ஹாவர்". அது அச்சுப்பிழை, பாவர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அதை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று வாதாடியவர்களும் உண்டு. சரி, அவர்தான் என்றே வைத்துக்கொள்வோம். முப்பது வயது, எட்டு மாதம் அடைப்பு, யூதர், கட்சிக்காரர். வெளியே வர ஒரு கையெழுத்து. அந்த அறையில் இல்லாத நான் இதில் குற்றம் காண மாட்டேன். அதே சிறைவாசத்தில் கையெழுத்துப் போடாமல் பத்து வருடத்துக்கு மேல் முகாம்களில் கிடந்த சோஷியல் டெமாக்ரட் தலைவர் குர்ட் ஷூமாகர் மேல் பாவருக்குக் கடைசிவரை பெரிய மரியாதை.

9 பிப்ரவரி

பிரௌன்ஷ்வைக் நாட்களில் நடந்த ரேமர் வழக்கு. ஆஷ்விட்ஸ் (போலந்தில் நாஜிகள் யூதர்களை விஷவாயு அறைகளில் கொன்ற முகாம்) பற்றிப் பாவர் பிற்பாடு கொண்டுவந்த வழக்கின் நிழலில் இது மறைந்துபோகிறது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1944 ஜூலை 20, ஹிட்லர் மீது குண்டு. பெர்லினில் அந்தக் கிளர்ச்சியை அடக்கிய படைப்பிரிவுக்குத் தலைவன் ஓட்டோ எர்ன்ஸ்ட் ரேமர். போருக்குப் பிறகு ஒரு கட்சி மேடையில் ஏறி, குண்டு வைத்தவர்கள் தேசத் துரோகிகள், வெளிநாட்டில் காசு வாங்கியவர்கள் என்று பேசினான். அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் மனைவிமாருக்கு ஊரில் கிடைத்த பெயரும் துரோகியின் மனைவி என்பதுதான்.

சட்டப்படி பார்த்தால் இது சாதாரண அவதூறு வழக்கு. கீழே இருந்த வழக்கறிஞர் வழக்கே தேறாது என்று ஒதுக்கப் பார்த்தார். பாவர் தானே கையில் எடுத்து, 1952 மார்ச்சில் தானே நின்று வாதாடினார். அவர் வாதம் ரேமர் என்ற ஆளைத் தாண்டிப் போயிற்று. ஹிட்லர் அரசு சட்டத்தின் அரசே இல்லை, அநீதியின் அரசு. தினமும் பல்லாயிரம் பேரைக் கொல்லும் அரசை எதிர்ப்பது தற்காப்பு, அந்த உரிமை எல்லாருக்கும் உண்டு. அப்படிப்பட்ட அரசுக்குத் துரோகம் என்று ஒன்று செய்யவே முடியாது. நீதிமன்றம் அது அநீதி அரசுதான் என்று தீர்ப்பில் எழுதியது. ரேமருக்கு மூன்று மாதச் சிறை. அவன் நாட்டைவிட்டு ஓடி அதையும் அனுபவிக்கவில்லை.

மூன்று மாதம்தானா என்று கேட்பீர்கள். ஆனால் அன்றிலிருந்து அந்த மனைவிமாரைத் துரோகியின் மனைவி என்று சொல்ல எவருக்கும் சட்டத்தில் இடமில்லை. நீதிபதியாக இருந்திருந்தால் இந்த வழக்கை அவரால் வரவழைத்திருக்க முடியாது. யாரோ ஒருவர் மேசையில் "தேறாது" என்று எழுதி மூடியிருப்பார்கள்.

10 பிப்ரவரி

ஐக்மன் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் எல்லாரும் இதைத்தான் எழுதுகிறார்கள். 1957இல் அர்ஜென்டினாவிலிருந்து லோத்தர் ஹெர்மன் என்பவர் பாவருக்குத் தகவல் எழுதினார். டாஹாவ் முகாமிலிருந்து வந்தவர், கண்பார்வை இழந்தவர். அவர் மகளோடு பழகிய பையன் ஐக்மனின் மகன். பாவர் இதைத் தன் நாட்டுப் போலீசிடம் கொடுக்கவில்லை, கொடுத்தால் ஐக்மனுக்கே தகவல் போய்விடும் என்று பயந்தார். மாநில முதல்வர் கேயார்க் ஆகஸ்ட் ட்சின்னிடம் மட்டும் சொல்லிவிட்டு இஸ்ரேலுக்குத் தெரிவித்தார். முதல் முயற்சியில் இஸ்ரேல் உளவுத்துறை மொசாத் நம்பவில்லை. 1959 டிசம்பரில் அவரே ஜெருசலேமுக்குப் போய் வற்புறுத்தினார். 1960 மே 11 அன்று பிடித்தார்கள். பாவர் உயிரோடு இருந்தவரை தன் பங்கை வெளியே சொல்லவே இல்லை.

ட்சின் அப்போது முதல்வர் மட்டுமல்ல, சட்ட அமைச்சரும் அவரே. அமைச்சர் அரசு வழக்கறிஞருக்கு உத்தரவு போடலாம் என்று முன்பு எழுதினேன் அல்லவா? அந்த அமைச்சர் யார் என்பதைப் பொறுத்து அது கயிறாகவும் இருக்கலாம், கவசமாகவும் இருக்கலாம். பாவருக்குக் கவசமாக இருந்தது.

14 பிப்ரவரி

இன்று மதியம் கல்லுஸ் பக்கம் போய்விட்டு வந்தேன். பிராங்பர்ட்டுக்கு வந்த புதிதில் மூன்று வருடம் அங்கேதான் குடியிருந்தேன். துருக்கிக் கடைகள், நம் ஆட்களின் மளிகைக் கடை, ரயில் பாதை. கல்லுஸ் என்ற பெயரே தூக்குமரத்துக்கான சொல்லிலிருந்து வந்தது. பழைய காலத்தில் நகரத்தின் தூக்குமேடை அந்தப் பக்கம் இருந்தது. ஃப்ராங்கனல்லே தெருவில் சமூகக் கூடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்குப் போயிருக்கிறேன், பிரியாணி பரிமாறியிருக்கிறேன். ஆஷ்விட்ஸ் வழக்கு நடந்த இடம் அது என்று எனக்கு அப்போது தெரியாது.

வழக்கு 1963 டிசம்பர் 20 அன்று நகர மன்றக் கட்டடத்தில் தொடங்கியது. 1964 ஏப்ரலில் இந்தக் கூடத்துக்கு மாறியது. 183 நாள் விசாரணை. 22 பேர் மேல் தொடங்கி 20 பேர் மேல் முடிந்தது. 360 சாட்சிகள் அளவில், அதில் 200க்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸில் உயிர் தப்பியவர்கள்.

தொடக்கம் ஒரு சின்னக் கட்டுத் தாள். தப்பிப் பிழைத்த ஒருவர் ப்ரெஸ்லாவ் நகரில் எரிந்த எஸ்எஸ் (முகாம்களை நடத்திய நாஜிப் படை) நீதிமன்றத்திலிருந்து கிடைத்த தாள்களை வீட்டில் வைத்திருந்தார். கைதிகளைச் "தப்பி ஓடும்போது" சுட்ட காவலர்களின் பட்டியல். 1959 ஜனவரியில் தோமாஸ் க்னீல்கா என்ற பத்திரிகையாளர் அதைப் பார்த்து பாவருக்கு அனுப்பினார். எடுத்தவுடன் ஒரு தடை: குற்றம் நடந்த இடம் போலந்து, பிராங்பர்ட்டுக்கு என்ன அதிகாரம்? பாவர் மத்திய உச்ச நீதிமன்றத்துக்கு எழுதி, மொத்த ஆஷ்விட்ஸ் விசாரணையையும் பிராங்பர்ட்டுக்கு ஒதுக்க வைத்தார். மத்திய அளவில் அவர் சாதித்தது என்று ஒன்றைச் சொல்வதானால் இதுதான். நாஜிக் கறை படியாத இளம் வழக்கறிஞர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கோர்ட்டில் நின்றவர்கள் அவர்கள். பாவர் பின்னால் இருந்தார்.

15 பிப்ரவரி

ஒலிநாடாக்கள் பற்றிக் கேட்டவருக்கு. சாட்சிகள் பேசியதைக் கோர்ட் தன் உபயோகத்துக்காகப் பதிவு செய்தது, 103 நாடாக்கள் மிஞ்சியிருக்கின்றன. இணையத்தில் கேட்கலாம். நான் கேட்ட ஒன்றைச் சொல்கிறேன். ருமேனியப் பக்கத்து மருத்துவர் ஒருவர். மனைவி, மூன்று மகள்களுடன் ரயிலில் வந்து இறங்குகிறார். அவர்களை வேறு வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆட்களைப் பிரிக்கும் இடத்தில் தெரிந்த முகம். போருக்கு முன்னால் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகத் தன் கிளினிக்குக்கு வந்துபோன விக்டர் காப்பேசியுஸ். மகள்களில் இருவர் இரட்டையர், அவர்களையாவது என்னோடு விடச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். காப்பேசியுஸ் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு அதிகாரியிடம் கேட்கிறார், அந்த அதிகாரி மறுத்துவிடுகிறார். அழாதீர்கள், குளிக்கப் போகிறார்கள், ஒரு மணி நேரத்தில் பார்க்கலாம் என்று காப்பேசியுஸ் ஆறுதல் சொல்கிறார்.

மேலே எழுத முடியவில்லை. நாளை.

17 பிப்ரவரி

தீர்ப்பு 1965 ஆகஸ்ட் 19, 20. ஆறு பேருக்கு ஆயுள். பதினோரு பேருக்கு வருடக் கணக்கில் சிறை. மூன்று பேர் விடுதலை. காப்பேசியுஸுக்கு ஒன்பது வருடம். முகாம் கமாண்டரின் உதவியாளர் முல்காவுக்குப் பதினான்கு.

இங்கேதான் நான் 3ஆம் தேதி எழுதியதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசு வழக்கறிஞர் மேசைதான் பெரியது என்பது போல எழுதிவிட்டேன். பாவரின் வாதம் என்ன? ஆஷ்விட்ஸ் ஒரே கொலை இயந்திரம், அதில் தெரிந்தே வேலை பார்த்த ஒவ்வொருவரும் கொலையில் பங்குள்ளவர், காவலுக்கு நின்றவரும் கணக்கு எழுதியவரும் கூட. நீதிபதி ஹான்ஸ் ஹோஃப்மையர் அதை ஏற்கவில்லை. இன்ன நாள், இன்ன ஆள், இன்ன செயல் என்று தனித்தனியாக நிரூபிக்கச் சொன்னார். 1969இல் மத்திய உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வழக்கைக் கொண்டுவர பாவரால் முடிந்தது, தீர்ப்பை எழுத முடியவில்லை. நாற்காலியை விட்டதற்கு அவர் கொடுத்த விலை அது. அவர் அந்த பெஞ்சில் இருந்திருந்தால் என்று மனது போகிறது. ஆனால் அவர் அந்த பெஞ்சில் இருந்திருந்தால் அந்த வழக்கே இருந்திருக்காது.

17 பிப்ரவரி, இரவு

"கடைசியில் தோற்றார் என்று சொல்லுங்களேன்" என்பவருக்கு.

1968 ஜூலை 1 அன்று பிராங்பர்ட்டில் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். 64 வயது. அலுவலக அறையைவிட்டு வெளியே வந்தால் எதிரி நாட்டில் கால் வைப்பது போல இருக்கிறது என்று சொன்னவர். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், பார்க்க போக்குவரத்து அபராதச் சங்கதி மாதிரி இருக்கும், உள்ளே ஒரு பிரிவு உடந்தையாளர்களுக்கான காலவரம்பைச் சுருக்கிவிட்டது. மேசையில் உட்கார்ந்து கொலைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் பலர் மேலிருந்த வழக்குகள் ஒரே நாளில் காலாவதியாயின. மனநோயாளிகளைக் கொல்லும் திட்டத்தை 1941இல் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டு மௌனமாக ஒப்புக்கொண்ட உயர் நீதிபதிகள், வழக்கறிஞர்கள் மேல் பாவர் தொடங்கிய விசாரணையை 1970இல் மூடிவிட்டார்கள்.

தோல்வி என்று 1970இல் நானும் சொல்லியிருப்பேன். 2011இல் மியூனிக் நீதிமன்றம், தனிச் செயல் எதுவும் நிரூபிக்காமலே, சொபிபோர் முகாமில் காவலாளியாக இருந்ததற்காக டெம்யான்யுக்கைத் தண்டித்தது. மேல்முறையீடு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். 2015 ஜூலையில் லூனபுர்க்கில் ஓஸ்கார் க்ரோனிங்குக்கு நான்கு வருடம். ஆஷ்விட்ஸில் கைதிகளின் பணத்தை எண்ணிக் கணக்கு வைத்தவர். 3,00,000 கொலைகளுக்கு உடந்தை என்று தீர்ப்பு. 2016இல் மத்திய உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதே க்ரோனிங் மேலிருந்த விசாரணையை 1985இல் பிராங்பர்ட் அரசு வழக்கறிஞர் அலுவலகமே கைவிட்டிருந்தது. பாவர் சொன்ன வாதத்துக்கு ஐம்பது வருடம் கழித்து நீதிபதிகள் வந்து சேர்ந்தார்கள்.

20 பிப்ரவரி

இன்னொன்று எழுத விட்டுப்போயிற்று. ஆஷ்விட்ஸ் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது இளைஞர்களோடு ஒரு தொலைக்காட்சி உரையாடலில் பாவர் பேசினார். சிகரெட் கையில், ஷ்டுட்கார்ட் வட்டார உச்சரிப்பு, தலைமுடி நாலு பக்கமும். குடும்பமே அழிந்துபோன சாட்சிகளைப் பார்த்துக் குற்றவாளிக் கூண்டில் இருப்பவர்களில் ஒருவராவது மனிதத்தன்மையோடு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று மாதக்கணக்காகக் காத்திருக்கிறோம், சொன்னால் உலகமே மூச்சுவிடும், ஆனால் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள் என்ற பொருளில் பேசினார். தண்டனை எத்தனை வருடம் என்பதைவிட அந்த வார்த்தைக்காகத்தான் அவர் ஏங்கினார் என்று எனக்குப் படுகிறது. தண்டனையைவிடச் சீர்திருத்தத்தை நம்பியவர், சிறைகளை மாற்றப் பாடுபட்டவர், அதனால் அது பொருந்துகிறது.

2015 ஏப்ரலில் லூனபுர்க்கில் முதல் நாள் விசாரணை. க்ரோனிங்குக்கு 93 வயது. தார்மீக ரீதியில் நானும் குற்றத்தில் பங்குள்ளவன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, சட்டப்படி குற்றமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள் என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். தப்பிப் பிழைத்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

21 பிப்ரவரி

கேட்டவருக்கு: ஆமாம், கல்லுஸ் கூடம் இன்றும் திறந்திருக்கிறது. நினைவுப் பலகை உண்டு. பிராங்பர்ட் பக்கம் வந்தால் எழுதுங்கள், நானே கூட்டிப்போகிறேன். நாடாக்கள் ஜெர்மனில்தான் பெரும்பாலும், மொழி தெரியாது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொல்கிறேன். ஞாயிறுகளில் எனக்கு வேலை இல்லை.